செவ்வாய்க்கிழமை வரவு

செய்தி வந்தபோது நான் வளாகத்துக்கு எதிரேயுள்ள போட்டோக் கொப்பிக் கடையில் நின்றேன். விரிவுரைக் குறிப்பை இரண்டு பிரதி எடுக்கக் கொடுத்திருந்தேன். ஒன்று எனக்கு, மற்றது தர்சிகாவுக்கு. கைப்பேசியில் அவளுடைய பெயர் விழுந்தது. "என்னடி அவசரம்? எடுத்துக்கொண்டுதான் நிக்கிறன்" என்று எடுத்த எடுப்பிலேயே ஏசினேன். மறுமுனையில் பேசியது அவளுடைய அம்மா. "பிள்ளை, தர்சி போயிட்டாளம்மா" என்றார். எங்கே என்று கேட்டேன். மெய்யாகவே கேட்டேன், ஊருக்கா, ஆஸ்பத்திரிக்கா என்ற நினைப்பு எனக்கு. பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. கடைக்காரர் இரண்டு கட்டையும் தட்டி அடுக்கி, பின் அடித்து, என் முன்னால் வைத்தார்.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் இந்த நினைவு மலரில் நான் எழுதியே ஆகவேண்டும் என்று அவளுடைய அம்மா சொல்லிவிட்டார். கூடவே இன்னொன்றும் கேட்டார். "பிள்ளையின்ர பரீட்சைப் பெறுபேற்றுத் தாளைக் கடைசிப் பக்கத்தில போடோணும். அவள் படிச்சவள் எண்டு ஊர் பாக்கோணும்." நான் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். ஆனால் அந்தத் தாளில் ஒரு பிழை இருக்கிறது. அது என்னால் வந்த பிழை. மலர் அச்சுக்குப் போகுமுன் அதைத் திருத்திவிட வேண்டும் என்று பத்து நாளாக நாயாய் அலைந்தேன். தர்சிகாவைத் தெரிந்த உங்களுக்கு அவளைப் பற்றி எழுதுவதென்றால் அதையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும். அலங்காரமாக எழுத எனக்கு வராது. எனக்கு வாய்தான் நீளம் என்று அவளே சொல்லுவாள்.

முதலாம் வருடத்தில் எங்களுக்கு வணிகத் தகவல் முறைமைகள் என்றொரு அறிமுகப் பாடம் இருந்தது. கணினியைத் தட்டப் பழக்குவார்கள் என்று நினைத்துப் போய் உட்கார்ந்தோம். படிப்பித்த மிஸ் கணினியின் பக்கமே போகவில்லை. தரவுக்கும் தகவலுக்கும் என்ன வித்தியாசம் என்று முதல் நாளே கேட்டார். பாடம் ஆங்கிலத்தில் நடந்ததால் பாதிப் பேர் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு மெலிந்த பிள்ளை எழும்பி, "தமிழில சொல்லலாமோ மிஸ்?" என்று கேட்டாள். பிறகு சொன்னாள்: "நூற்றிரண்டு எண்டது தரவு. பிள்ளைக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு எண்டா அது தகவல். பஸ் வருமட்டும் பாப்பமோ, ஓட்டோ பிடிப்பமோ எண்டு தாய் யோசிக்கிறாவே, அந்த யோசனைக்குத்தான் தகவல் வேணும்." வகுப்பு கொல்லென்று சிரித்தது. மிஸ் சிரிக்காமல், அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். உட்கார்ந்த பிறகு அவள் என் பக்கம் சரிந்து, "ஆஸ்பத்திரிக்குத் தூரமான திரியாயில இருந்து வாற ஆக்களுக்கு இது சின்ன வயசிலேயே படிப்பிச்ச பாடம்" என்றாள். அன்றைக்குப் பிடித்த சினேகிதம் அது.

தன் நோயையும் அவள் பாடத்தின் பாஷையில்தான் எனக்குச் சொன்னாள். ஒரு மத்தியானம் கன்ரீனில் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, இரத்தப் பரிசோதனைத் துண்டு ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

"எட்டு தசம் நாலு. இது தரவோ தகவலோ, சொல்லு பாப்பம்."

"என்ன இது?"

"சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்யுது எண்டு காட்டுற இலக்கம்."

"எவ்வளவு இருக்கோணும்?"

"ஒண்டு."

எனக்குச் சொல் வராத நேரத்தில் கோபம்தான் வரும். "இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்ல? உனக்கென்ன விசரே?" என்று கத்தினேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் துண்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "சொல்லியிருந்தா நீ அண்டைக்கும் இப்பிடித்தான் கத்தியிருப்பாய். பருப்பை நீ எடு, எனக்குக் கூடாது" என்றாள். அதன் பிறகு அந்தப் பருப்பு எனக்கு எப்படி இறங்கும்?

கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் மெசினோடு இணைத்து அவளுடைய இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். வெள்ளிக்கிழமை ஒரு நாள், செவ்வாய்க்கிழமை மற்ற நாள். வெள்ளியில் அப்பா கடலுக்குப் போகாமல் வீட்டில் நிற்பதால், அம்மா திரியாயிலிருந்து பஸ் ஏறி வந்து கூட இருப்பார். செவ்வாயில் அவருக்கு வர ஏலாது. அப்பா கடலுக்குப் போயிருப்பார், வீட்டில் படுக்கையில் கிடக்கும் பாட்டனாரைப் பார்க்க வேறு ஆளில்லை. அந்தச் செவ்வாய்க் காலை எட்டு மணிதான் எங்கள் தகவல் முறைமைகள் விரிவுரை நேரம். நூற்றுக்கு எண்பது வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். கணக்குப் பார்த்தால் அந்த ஒரு பாடத்தில் அவளுக்கு வரவே விழாது.

"டொக்டரிட்ட எழுதி வாங்கி மெடிக்கல் குடு" என்றேன். "குடுத்தா ஒரு வருசம் நிண்டு சுகப்பட்டு வா எண்டுவினம். எனக்கு நிக்கிறதுக்கு வருசம் இல்லையடி" என்றாள். அதைச் சோறு சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு என் வாய் சும்மா இருக்கவில்லை. "வரவுத் தாள் வரிசையாகத்தானே வருது. உன்ர பேருக்கு நேர நான் கையெழுத்து வைக்கிறன்" என்றேன். ஆகவே அந்த யோசனை என்னுடையது. அவளுடையது இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும்.

என் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவள் தன் கையெழுத்தைப் பத்துத் தரம் வைத்துக் காட்டினாள். 'த'வின் வால் நீண்டு கீழே இறங்கி, திரும்பி மேலே வந்து, பெயரின் தலைக்கு மேலாக ஓடி ஒரு புள்ளியில் முடியும். நான் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். "ஐயோ, என்ர பேரைக் கோழி கிண்டின மாதிரிக் கெடுக்காத. அவசரப்படாம வாலை ஆறுதலா இழு" என்றாள். ஆறுதலாக இழுத்தேன். மூன்றாவது செவ்வாயில் எனக்கு அது என் பெயரைவிட நன்றாக வந்தது. எங்கள் குழுவில் இருந்த மூதூர் அஸ்லம் வரவுத் தாளை என்னிடம் நீட்டும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான். வகுப்பு முடிய நான் அவள் வாடகைக்கு இருந்த போடிங் அறைக்குக் குறிப்புகளோடு போவேன். களைத்துப்போய்ச் சுவரோடு சாய்ந்திருப்பாள். "ஆஸ்பத்திரிக்கு நானும் வரட்டே?" என்று ஒரு தரம் கேட்டேன். "நீ அங்க வந்து என்ன செய்யப்போற? மெசினைப் பாத்துக்கொண்டிருக்கப் போறியோ? நீ வகுப்பில இருந்தாத்தானே எனக்கு வரவும் விழும், குறிப்பும் வரும்" என்றாள். ஆஸ்பத்திரியில் மெசின் வைத்திருந்த அறையின் யன்னலால் துறைமுகம் தெரியுமாம். கோதுமைக் கப்பல் சீனன்குடாப் பக்கம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாளாம். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தத் தவணையில் ஒரு குழு வேலை தந்தார்கள். ஊரில் நடக்கும் வியாபாரம் ஒன்றை எடுத்து, அங்கே தகவல் எங்கே பிறந்து, யார் கையால் போய், எங்கே நிற்கிறது என்று வரைந்து காட்டவேண்டும். அஸ்லத்தின் மாமா ஒருவர் துறைமுகத்துக்குக் கிட்ட, வரும் கப்பல்களுக்கு மரக்கறி, அரிசி, சவர்க்காரம் கொடுக்கும் கடை வைத்திருந்தார். அஸ்லம் முதல் நாளே அம்புக்குறியும் பெட்டியுமாகப் பெரிய படம் கீறிக்கொண்டு வந்தான். அதில் எல்லாப் பெட்டிக்குள்ளும் கணினி இருந்தது. கடையில் ஒரு கணினியும் இருக்கவில்லை. தர்சிகா வெங்காய மூட்டையில் ஏறி உட்கார்ந்து, யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் ஒரு காலை முழுக்கப் பார்த்தாள். "சிஸ்டம் எண்டா மெசின் இல்லையடாப்பா. ஆர் ஆருக்கு என்ன சொல்லுகினம், ஆர் ஆருக்குச் சொல்லாம விடுகினம், அவ்வளவுதான்" என்று அஸ்லத்தின் படத்தை வாங்கி மடித்துவிட்டாள். அவன் இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை.

கடை முதலாளிக்கு ஒரே தலையிடி. கப்பல் சமையல்காரர்கள் சாமான் வரவில்லை என்று தொலைபேசியில் குதிப்பார்கள். கடைத் தாளில் எல்லாம் ஏற்றியாயிற்று என்று இருக்கும். தர்சிகா அதைப் பிடித்தாள். ஏற்றும் ஆட்கள், இல்லாத சாமானுக்கும் தாளில் சரி போட்டுவிடுகிறார்கள். இல்லை என்று எழுதினால் முதலாளி ஏசுவார் என்ற பயம். "முதலாளி, நீங்கள் ஏசுறதாலதான் உங்களுக்குப் பொய்த் தகவல் வருது" என்று முகத்துக்கு நேரேயே சொன்னாள். நான் அவளுடைய முழங்கையில் கிள்ளினேன். மனுசன் கோபிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு, "தங்கச்சி, நீ ஆம்பிளையா இருந்தா நாளைக்கே வேலைக்கு எடுத்திருப்பன்" என்றார். "பொம்பிளை எண்டா நாளையிண்டைக்கோ?" என்று கேட்டாள். கடை முழுக்கச் சிரித்தது. எங்களுக்கு இஞ்சித் தேத்தண்ணி வந்தது. அவளுக்குத் தண்ணீர் அளவாகத்தான் குடிக்கலாம். இரண்டு முடறு குடித்துவிட்டு மிச்சத்தை எனக்குத் தள்ளினாள்.

அறிக்கையில் அவள் எழுதிய ஒரு வசனத்தை மிஸ் வகுப்பில் வாசித்துக் காட்டினார். "பிழை என்று தெரிகிற பிழையை யாராவது திருத்துவார்கள், சரி போட்டிருக்கிற பிழையை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்." அந்தச் செவ்வாயிலும் அவள் வகுப்பில் இல்லை. வரவுத் தாள் எனக்கு முன்னால் கிடந்தது. நான் அவளுடைய 'த'வின் வாலை ஆறுதலாக இழுத்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் இதை அவளிடம் சொன்னபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. எங்களுக்கு அது பகிடியாக இருந்தது. அட, எவ்வளவு பெரிய மடைச்சியாக இருந்திருக்கிறேன்!

பரீட்சைக்கு முதல் நாள் அவளுக்கு மூச்செடுக்க ஏலாமல் போய், ஆஸ்பத்திரியில் மறித்துப் படுக்கவைத்துவிட்டார்கள். மண்டபத்தில் பரீட்சைச் சுட்டெண் வரிசைப்படி எனக்கு முன்னால் அவளுடைய மேசை. வினாத்தாளை அதிலும் வைத்தார்கள். அரை மணி நேரம் கழித்து வந்து எடுத்துப் போனார்கள். முதல் கேள்வியே தரவும் தகவலும். மண்டபத்தில் கையெழுத்து வாங்க வந்தவர் அடையாள அட்டையில் இருந்த படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என் கையெழுத்தை மட்டும்தான் வைக்க முடிந்தது.

இனி மெடிக்கல் கொடுக்காமல் முடியாது. கொடுத்து, அதை ஏற்றுக்கொண்டால் அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே எடுபடும். ஏற்காவிட்டால் அது மீளப் பரீட்சை. எவ்வளவு நன்றாக எழுதினாலும் 'சி'க்கு மேலே போடமாட்டார்கள். வைத்தியர் உண்மையை உண்மையாகவே எழுதியிருந்தார்: இன்ன மாதம் தொடக்கம் ஒவ்வொரு செவ்வாயும் காலையில் சிகிச்சை. அலுவலகத்தில் அதையும் வரவுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வைத்தியர் அவள் ஆஸ்பத்திரியில் என்கிறார். தாள் அவள் வகுப்பில் என்கிறது. அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

நானும் வருகிறேன் என்று நின்றேன். என்னை வாசலில் விட்டுவிட்டுப் போனாள். வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "என்ன சொன்னனி?" என்று கேட்டேன். "விடிய வந்து கையெழுத்தை வைச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனனான் எண்டு சொன்னனான். நம்பேல்ல. மெடிக்கலைத் தள்ளிப்போட்டினம்" என்றாள்.

"நான் உள்ளுக்குப் போய்ச் சொல்லுறன். நான்தான் வைச்சனான் எண்டு சொல்லுறன்."

"பேய்க்கதை கதையாத. சொன்னா உன்னையும் நிப்பாட்டுவினம். ஒராள் விழுந்த கிணத்தில மற்ற ஆளும் குதிக்கிறதோ? வா, பஸ் போகப்போகுது."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். நோய்க்காரியின் பிடி, உதறியிருந்தால் விட்டிருக்கும். நான் உதறவில்லை. அவள் தடுத்ததால்தான் நான் போகவில்லை என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவள் தடுத்தது எனக்கு வசதியாக இருந்தது. என் பட்டம், என் அப்பாவின் முகம், ஊரின் வாய் எல்லாம் அந்த நேரம் எனக்கு முன்னால் வந்து நின்றன. அவள் அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னை இழுத்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த வருடம் எங்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகளோடு இருந்து மீளப் பரீட்சை எழுதினாள். முதல் நாள் ஊசி ஏற்றிய கையில் கட்டு இருந்தது. வெளியே வந்து, "கப்பல் கடையை எழுதிப்போட்டு வந்தனான். முதலாளியின்ர தாடியை மட்டும் விட்டிட்டன்" என்றாள். அன்றைய நாளை, அவளை நான் பார்த்த நல்ல நாள்களில் ஒன்றாகச் சொல்லலாம். பெறுபேறு வருமுன் அவள் போய்விட்டாள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் பெறுபேறு வந்தது. அவளுடைய சுட்டெண்ணுக்கு நேரே 'சி' என்று இருந்தது.

மிஸ் என்னைக் கூப்பிட்டார். "விடைத்தாளில பேர் இல்லை. ஆனா அந்தக் கடையை வாசிச்ச உடன எனக்கு ஆளைத் தெரிஞ்சிட்டுது" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த 'சி' அவ எழுதினதுக்கு நான் போட்டது இல்லை மேகலா. இதுக்கு மேல நான் சொல்லக்கூடாது." நான் அங்கேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மிஸ் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவுப் பதிவு பிழை என்று காட்டினால் பழைய மெடிக்கலைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம், அலுவலகத்தில் கேள் என்று மட்டும் சொன்னார்.

அலுவலகத்தில் இருந்தவர் வயதான, சாந்தமான மனிதர். கேட்டவுடன் இலாச்சியைத் திறந்து, பெறுபேற்றைத் திருத்தக் கேட்கும் படிவம் ஒன்றை எடுத்துத் தந்தார். "நிரப்பி, கீழ மாணவியைக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கோ பிள்ளை."

"அவ இறந்திட்டா சேர்."

அவர் திரையைப் பார்த்தார். "இதில படிக்கிறா எண்டெல்லோ கிடக்கு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கதிரையைக் காட்டினார். நான் இருந்துகொண்டு, வரவுத் தாளில் இருப்பது அவளுடைய கையெழுத்து இல்லை, என்னுடையது என்று சொன்னேன். அவர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இதை நீங்கள் சொல்லேல்ல, எனக்கும் கேக்கேல்ல. கேட்டதெண்டா நான் எழுதோணும். எழுதினா விசாரணை. உங்கட படிப்பும் நிக்கும், அந்தப் பிள்ளையின்ர பேரிலயும் களவுக் கையெழுத்து எண்டு விழும். செத்த பிள்ளைக்கு அது தேவையோ?"

"இறந்த ஆக்களுக்கு வேற படிவம் இல்லையோ சேர்?"

"இருக்கு. பேரை வெட்டுற படிவம் இருக்கு. பெறுபேறு திருத்துற படிவம் இல்லை." இலாச்சியை மூடிவிட்டு, "என்னால ஒண்டும் செய்ய ஏலாது மகள்" என்றார். அவர் சொன்னது உண்மை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வராமல் போனது இதுதான் முதல் தரம்.

படிவத்தோடு கன்ரீனில் போய் உட்கார்ந்தேன். எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். கடைசிக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. அவள் இல்லாத உலகத்தில் அதை நிரப்ப இனி என் ஒருத்தியால்தான் முடியும், நான் பேனையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். 'த'வின் வால் விரல் நுனியில் வந்து நின்றது. வைத்தால் பக்கத்தில் திகதியும் போடவேண்டும். செத்துப் பதினெட்டு நாளான பிள்ளை வந்து கையெழுத்து வைத்தாள் என்று போடவேண்டும். பேனையை மூடினேன்.

மறுநாள் பஸ் ஏறித் திரியாய்க்குப் போனேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லாமல் அந்தத் தாளை அச்சுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மா குசினியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பாயில் பக்கத்தில் இருத்தினார்.

"அம்மா, செவ்வாய்க்கிழமையளைப் பற்றி ஒரு விசயம் சொல்லோணும்" என்று தொடங்கினேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும் பிள்ளை. அதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்."

தர்சி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளா?

"வெள்ளியில நான் வந்திடுவன். செவ்வாயில எனக்கு வழியில்லை. பிள்ளை தனியக் கிடக்கப்போகுதே எண்டு மனம் அடிச்சுக்கொள்ளும். எட்டு மணிக்கு மெசின் போட்டவுடன போன் எடுப்பன். 'பயப்பிடாதேங்கோ அம்மா, மேகலா பக்கத்தில இருக்கிறாள்' எண்டுவாள். ஒருநாள், 'அவளிட்டக் குடு, ஒரு சொல்லுக் கதைப்பம்' எண்டு கேட்டனான். 'எனக்குத் தேத்தண்ணி வாங்கப் போயிட்டாள் அம்மா' எண்டாள். பெத்த எனக்கு ஏலாததை நீ செய்தனி."

எட்டு மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குப் பக்கத்தில் இருந்தது அவளுடைய வெறும் கதிரை. ஓம் அம்மா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்தத் தாய்க்கு அந்த ஒரு ஆறுதலாவது மிஞ்சியிருக்கும்.

"நான் இருக்கேல்ல அம்மா" என்றேன். "ஒரு செவ்வாயும் இருக்கேல்ல. அந்த நேரம் வகுப்பில அவளின்ர பேருக்குக் கையெழுத்து வைச்சுக்கொண்டிருந்தனான்." மிச்சத்தையும் சொன்னேன். மெடிக்கலைத் தள்ளியது, விசாரணையில் அவள் என் பெயரைச் சொல்லாமல் வந்தது, அந்த 'சி', அலுவலகத்துப் படிவம், எல்லாம். எங்கே அழுதேன், எங்கே நிறுத்தினேன் என்று நினைவில்லை.

அம்மா வாசல் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஆர் பக்கத்தில இருந்தது?"

"ஒருத்தரும் இல்லை அம்மா."

அம்மா என் கையை விட்டுவிட்டு எழும்பி உள்ளே போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். "சி எண்டா பாஸ்தானே பிள்ளை?" என்று கேட்டார். பாஸ்தான் அம்மா என்றேன். "அப்ப அந்தத் தாள் அப்பிடியே கிடக்கட்டும். நீ நடந்ததை எழுது." எழுதினால் அவள் பேருக்குக் களவு என்று சொல்லுவார்கள் என்றேன். "என்ர பிள்ளை ஆஸ்பத்திரியில கிடந்தவள். அதில என்ன களவு? எழுது" என்றார். அவருடைய குரல் என்னை மன்னித்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

எழுதிவிட்டேன். இதனால் எனக்கு வருவது வரட்டும். கடைசிப் பக்கத்தில் நீங்கள் பார்க்கும் 'சி' அவளுடையது அல்ல. அதை மாற்ற நான் தட்டிய கதவெல்லாம் மூடியே கிடக்கிறது. அவளுடைய கையெழுத்து என் விரலில் இருக்கிறது, ஒன்றுக்கும் உதவாமல். அதைவிட, அவள் என்னிடம் சொல்லாமலே எனக்காக வைத்த வரவு ஒன்று இருக்கிறது. மெசினோடு கிடந்தபடி, தாய் கேட்ட ஒவ்வொரு செவ்வாயும் அவள் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். நான் ஒரு செவ்வாய்கூட அங்கே போகவில்லை. அவள் ஒரு செவ்வாய்கூட என்னை இல்லை என்று சொல்லவில்லை.